நரம்பு மின்பரிசோதனைத் தொடர்கல்வி: சென்னைப் பயிலரங்கு ஒன்றின் மதிப்பீடு

நரம்பில் மின்செய்தி செல்லும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை, தசையின் மின்னியக்கத்தை ஊசி வழியே பதிவுசெய்யும் ஊசி இஎம்ஜி, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி ஆகிய மூன்றையும், அவற்றை ஒட்டிய சில சிகிச்சை முறைகளையும் சேர்த்துக் கற்பிக்கும் தொடர்கல்விப் படிப்பு ஒன்றைச் சென்னையிலுள்ள தனியார் பயிற்சி மையம் ஒன்று நடத்தி வருகிறது. முதலில் இணையவழி விரிவுரைகள், அவை முடிந்தபின் நேரடிச் செய்முறைப் பயிற்சி என அது இரண்டு கட்டங்களாக அமைந்துள்ளது. தென் மாவட்டம் ஒன்றில் சிறிய நரம்பியல் லேப் வைத்திருக்கும் நான், எங்கள் டெக்னீஷியனையும் உடன் அழைத்துக்கொண்டு இதில் கலந்துகொண்டேன். குறைகளையும் எழுதப் போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இவ்வகைப் படிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதால், வேறிடத்தில் சேர எண்ணுபவர்களுக்கும் இம்மதிப்பீடு பயன்படக்கூடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நரம்புக் கடத்தல் பகுதி ஒன்றுக்காகவே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம், இஇஜி பகுதி நன்று, ஊசி இஎம்ஜி பகுதி போதாது, சிகிச்சைப் பகுதியை எடுத்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. அந்த மணிநேரத்தை நட்சத்திர ஓட்டல் அரங்குகளில் மதிய உணவோடு சேர்த்து நிரப்பிக்கொள்வது எவ்வளவு எளிது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். டெக்னீஷியன்களின் நிலையோ வேறு. பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா போன்ற நிறுவனங்களில் முறையாகப் பயின்று வருபவர்கள் சிலரே. மற்றவர்கள் ஏதேனும் ஒரு லேப்பில் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று, அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். இஇஜி, இஎம்ஜி டெக்னீஷியன்களும் 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டார்கள் என்றாலும், அவர்களுக்கென்று நடத்தப்படும் தொடர்கல்வி இன்னும் அரிதாகவே இருக்கிறது. இத்தனைக்கும் இந்தப் பரிசோதனைகளின் தரம் டெக்னீஷியனின் கையில்தான் இருக்கிறது. எம்ஆர்ஐ படத்தை ஒருவர் தவறாகப் படித்தால் இன்னொருவர் அதே படத்தை எடுத்து வைத்துத் திருத்திவிடலாம். நரம்புக் கடத்தலில் பதிவே பிழையாகிவிட்டால், எத்தனை பேராசிரியர்கள் சேர்ந்து படித்தாலும் அந்தக் காகிதத்திலிருந்து உண்மை வெளிவராது. மருத்துவரும் டெக்னீஷியனும் இணைந்தே வரலாம் என்று இம்மையம் வைத்திருக்கும் ஏற்பாட்டை நான் பெரிதும் மதிப்பதற்கு இதுவே காரணம்.

இணையவழிக் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நரம்பின் அமைப்பு, மின்முனைகளின் வகைகள், வடிகட்டிகள், மின்பாதுகாப்பு ஆகியவை பற்றிய பதிவுசெய்யப்பட்ட விரிவுரைகள் தெளிவாகவே இருந்தன. ஒவ்வொரு விரிவுரைக்கும் பின் வரும் கேள்விகள் மிக எளியவை. காணொளியைப் பாராமலே அவற்றில் தேறிவிட முடியும். ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பதால் எங்கள் டெக்னீஷியன் சில பகுதிகளை நிறுத்தி நிறுத்திக் கேட்க வேண்டியிருந்தது.

நேரடிப் பயிற்சியில்தான் படிப்பின் மதிப்பு தெரிகிறது. நரம்புக் கடத்தல் பகுதியை நடத்தியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். அவர் முதல் அமர்வில் கருவியைத் தொடவே விடவில்லை. குளிரூட்டப்பட்ட அரங்கில் உட்கார்ந்திருந்த பங்கேற்பாளர் ஒருவரின் கையில் மணிக்கட்டின் நடுவாக உள்ளங்கைக்கு வரும் மீடியன் நரம்பைப் பதிவுசெய்யுமாறு எங்கள் டெக்னீஷியனை அழைத்தார். அவர் மின்முனைகளை ஒட்டி, மணிக்கட்டில் தூண்டி, எண்களைச் சொல்லத் தொடங்கியதும், "எண்ணை அப்புறம் சொல்லும்மா, கையைத் தொட்டுப் பார்த்தியா, அதை முதல்ல சொல்லு" என்றார் பேராசிரியர். "சில்லுன்னு இருக்கு சார்" என்று பதில் வந்தது. அந்தக் கையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்திருந்து, துடைத்து, அதே இடத்தில் அதே தூரத்தில் மீண்டும் பதிவுசெய்யச் சொன்னார். தூண்டிய கணத்துக்கும் அலை தோன்றுவதற்கும் இடையே முதல் பதிவில் இயல்பின் எல்லையைத் தாண்டி நின்ற தாமதம் இரண்டாவது பதிவில் எல்லைக்குள் வந்துவிட்டது. இரண்டு அலைகளையும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டியபோது அரங்கில் இருந்த மருத்துவர்கள் பலரும் எழுந்து முன்னால் வந்தார்கள்.

தோலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் கடத்து வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறைகிறது; மணிக்கட்டுக்குக் கீழான தாமதம் ஏறத்தாழ 0.2 மில்லி விநாடி கூடுகிறது. குளிரில் நரம்பின் சோடியம் வாயில்கள் மூடத் தாமதமாவதே இதற்குக் காரணம் என்றும், அதனாலேயே வேகம் குறையும்போது அலையின் வீச்சு (உயரம்) குறையாமல் சற்றே பெரிதாகிறது என்றும் அவர் விளக்கினார். வேகம் குறைந்து வீச்சு பெருத்திருக்கும் ரிப்போர்ட் கையில் வந்தால் நோயைத் தேடுவதற்கு முன் அறையின் ஏசியைப் பார்க்க வேண்டும். கை 32 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் பதிவைத் தொடங்க வேண்டும் என்ற விதி எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை லேப்களின் ரிப்போர்ட்டில் கையின் வெப்பநிலை எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. வெயிலில் வேகும் ஊரில் இருந்துகொண்டு குளிர் பற்றி என்ன கவலை என்று நினைப்பவர்கள், நோயாளி காத்திருப்பு அறையில் எவ்வளவு நேரம் ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, தூண்டலின் அளவு. அலையின் வீச்சு இனிமேல் பெரிதாகாது என்ற நிலையை எட்டிய பிறகும் மின்னோட்டத்தை இன்னும் 20 விழுக்காடு அளவுக்கு உயர்த்திப் பார்த்தால்தான் எல்லா நரம்பிழைகளும் தூண்டப்பட்டன என்று உறுதியாகச் சொல்ல முடியும். நடைமுறையில் நடப்பது என்ன? நோயாளி, "போதும்மா, ஷாக் அடிக்குது" என்று கையை இழுத்ததும், டெக்னீஷியன் இரக்கப்பட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார். முழங்கையில் நரம்பு ஆழத்தில் இருப்பதால் அங்கேதான் இது அதிகம் நேர்கிறது. மணிக்கட்டில் பெரிய அலை, முழங்கையில் சிறிய அலை என்று பதிவாகும். ரிப்போர்ட்டில் கடத்தல் தடை, அதாவது மின்செய்தி நரம்பின் நடுவே நின்றுபோகிறது என்று எழுதப்படும். அதைப் பார்க்கும் மருத்துவர் நரம்பின் மேலுறை சிதையும் உறைச்சிதைவு நோய் என்று முடிவுகட்டி, இரத்த நாளம் வழியே ஏற்றும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் எழுதினால், உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம் ஏற்ற வேண்டும். வீட்டை அடகு வைக்க வேண்டிய செலவு அது. பொத்தானை இன்னும் இரண்டு முறை அழுத்தாததன் விலை இது என்று பேராசிரியர் சொன்னதில் மிகையில்லை.

சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்பைப் பதிவுசெய்யும்போது முழங்கையை ஏறத்தாழ 70 முதல் 90 டிகிரி வரை மடக்கி வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவர் ஒரே கையில் இரு நிலைகளிலும் அளந்து காட்டினார். கை நீட்டிய நிலையில் நரம்பு உள்ளே தளர்ந்து சுருண்டிருக்க, நாம் தோலின் மேல் டேப் வைத்து அளக்கும் தூரம் உண்மையான நீளத்தைவிடக் குறைவாக வருகிறது. அதனால் இல்லாத வேகக்குறைவு தெரிகிறது. மார்ட்டின்-க்ரூபர் இணைப்பும் ஒரு பங்கேற்பாளரின் கையிலேயே தற்செயலாகக் கிடைத்தது. மீடியன் நரம்பின் சில இழைகள் முன்கையில் அல்னாருக்குத் தாவிச் செல்லும் இந்த இயல்பான மாறுபாடு, ஆறில் ஒருவருக்காவது இருக்கும் என்று சொல்லுமளவுக்குப் பரவலானது. அல்னாரை மணிக்கட்டில் தூண்டும்போது பெரிதாக வந்த அலை முழங்கைக்குக் கீழே தூண்டும்போது சிறுத்துவிட, முன்கையில் தடை என்று பாதிப்பேர் சொன்னார்கள். மீடியன் நரம்பை முழங்கையில் தூண்டி, சுண்டுவிரல் பக்கத் தசையிலேயே பதிவுசெய்ததும் காணாமற்போன அலை வந்து நின்றது. இதை நூறு படவில்லைகளில் காட்டினாலும் இப்படி மனத்தில் பதியாது.

இப்பகுதியில் எனக்கு மிகவும் பயன்பட்டது தொழுநோய் நரம்பழற்சி பற்றிய உரை. மேலைநாட்டுப் பாடநூல்களில் ஓரிரு பத்திகளோடு முடிந்துவிடும் பொருள் இது. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தத் தொடங்கியது 1940களின் இறுதியில். காட்பாடி அருகே கரிகிரி ஆய்வு மையம் உருவானது அதன் தொடர்ச்சியில். 2005 இறுதியில் தேசிய அளவில் தொழுநோய் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை எட்டிவிட்டதாக இந்தியா அறிவித்தாலும், உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். அந்தக் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவதால், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. அல்னாரில் தேய்வு ஏற்படும் வழக்கமான இடம் முழங்கைப் பள்ளம் என்றால், தொழுநோயில் தடிப்பும் வேகக்குறைவும் அதற்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கும். வழக்கமான இரண்டு இடங்களில் மட்டும் தூண்டிவிட்டு நிறுத்தும் லேப் இதைத் தவறவிடும். விரல்களால் நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு மின்முனையை எடுக்க வேண்டும் என்ற அறிவுரையை இந்த ஊர்களில் வேலை செய்யும் எவரும் மறுக்க மாட்டார்கள்.

தசைக்களைப்பு நோய்க்கான தொடர்தூண்டல் பரிசோதனை, விநாடிக்கு 3 தூண்டல், நான்காம் அல்லது ஐந்தாம் அலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் சரிவு என்ற அளவில் சுருக்கமாகவும் சரியாகவும் சொல்லப்பட்டது. நோயாளி முதல்நாள் இரவே அந்நோய்க்கான பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதையும், நிறுத்துவது ஆபத்தாகும் நோயாளிகள் உண்டு என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். எப்போது பரிசோதிக்க வேண்டும் என்ற கேள்விக்கும் உரிய இடம் இருந்தது: விபத்து நடந்த மறுநாளே இஎம்ஜி கேட்கும் சீட்டுகள் எல்லா லேப்களுக்கும் வருகின்றன, நரம்புத் தொடர்பு அறுந்த தசையில் தன்னிச்சை மின்துடிப்புகள் தோன்ற இரண்டு மூன்று வாரமாகும் என்பதால் அப்போது கிடைக்கும் இயல்பான ரிப்போர்ட் யாரையும் தேற்றக் கூடாது. உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோயிலும் முதல் வாரத்தில், தண்டுவடம் வரை சென்று திரும்பும் எஃப் அலை, ஹெச் அனிச்சை ஆகியவற்றைத் தவிர மற்றவை இயல்பாகவே இருக்கக்கூடும். சர்க்கரை நோயாளி பாதம் எரிகிறது என்று வந்து, ரிப்போர்ட் இயல்பு என்று கேட்டு மனமுடைந்து போவதைப் பற்றியும் பேசினார்கள். தடித்த இழைகளை மட்டுமே அளக்கும் இப்பரிசோதனைக்கு எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் எட்டாதவை.

இஇஜி பகுதி தலையிலிருந்தே தொடங்கியது. தேங்காய் எண்ணெய் தடவி, வாரிப் பின்னிய தலையோடு வரும் நோயாளியிடம் மின்முனைத் தடையை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவருவது எப்படி என்பதை அனுபவமுள்ள பெண் டெக்னீஷியன் ஒருவர் செய்துகாட்டினார். முதல்நாளே சீயக்காயோ ஷாம்புவோ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வருமாறு தமிழில் அச்சிட்ட சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். அதையும் மீறி எண்ணெயோடு வந்தால் திட்டாமல், வகிட்டைப் பிரித்துத் தோலை மட்டும் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் அவர். 1958-இல் ஜாஸ்பர் வகுத்த, தலையைப் பத்து, இருபது விழுக்காட்டுத் தூரங்களாகப் பிரிக்கும் பத்து-இருபது முறைப்படி டேப் வைத்து அளந்து மின்முனை பொருத்துபவர்கள் எத்தனை பேர், கண்ணளவில் பொருத்துபவர்கள் எத்தனை பேர் என்பது அந்த அமர்விலேயே வெளிப்பட்டுவிட்டது. கீழ்ப் பொட்டெலும்புப் பகுதிக்கு ஆறு மின்முனைகளைக் கூடுதலாகச் சேர்த்து 25 வைக்கும்படி சர்வதேச மருத்துவ நரம்பு உடலியங்கியல் கூட்டமைப்பு 2017-இல் பரிந்துரைத்ததை எடுத்துச் சொன்னது நல்லது. ஆனால் பழைய கருவிகளில் அதற்கான இணைப்பு வாய்கள் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

படிக்கும் பயிற்சியில் பதிவுகளைத் திரையில் காட்டி, வலிப்பலை என்று கருதுபவர்கள் கையைத் தூக்குமாறு கேட்டார்கள். அரைத்தூக்கத்தில் பொட்டெலும்புப் பகுதியில் தோன்றும் விக்கெட் கூரலைகளுக்கு அரங்கில் பெரும்பாலான கைகள் உயர்ந்தன. அவை நோயல்ல, நடுவயதைக் கடந்தவர்களிடம் காணப்படும் இயல்பான மாறுபாடு. கூர்மை, பின்னணியோடு மாறுபடும் கால அளவு, சமச்சீரின்மை, பின்தொடரும் மெல்லலை, பின்னணி கலைதல், தலைப்பரப்பில் மின்னழுத்தப் பரவல் என்ற ஆறு அளவைகளையும் ஒவ்வொரு அலைக்கும் பொருத்திப் பார்க்க வைத்த பிறகு உயரும் கைகள் குறைந்தன. வலிப்பு நோய் உள்ளவர்களிலும் முதல் இஇஜியில் பாதிப்பேரளவுக்கு எதுவும் தெரியாமல் போகலாம் என்பதை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். இல்லாததை இருப்பதாக எழுதிவிடும் ஆபத்தைத்தான் போதிய அளவு அஞ்சுவதில்லை. மயங்கி விழுந்த ஓர் இளம்பெண்ணின் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி ஏறிவிட்டால், பல ஆண்டுகள் மாத்திரையும் அதற்கு மேலான தொல்லைகளும் வருகின்றன. வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த பிரிவு இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல் நீக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் நீக்கவில்லை.

ஊசி இஎம்ஜி பகுதிக்கு வந்தால் ஏமாற்றம்தான். ஒரே கருவியைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் திரையே தெரியவில்லை. ஊசி இஎம்ஜியில் பாதி வேலை காதுக்கு உரியது. தன்னிச்சை மின்துடிப்பு தகரக் கூரையில் விழும் தூறல் போலக் கேட்கும் என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியாது, கேட்க வைக்கத்தான் வேண்டும். ஒலிபெருக்கியின் இரைச்சலில் அதுவும் கேட்கவில்லை. பதிவுசெய்த ஒலிக்கோப்புகளைப் பங்கேற்பாளர்களுக்குக் கொடுத்தனுப்பியிருந்தால்கூடப் பாதிக்குறை தீர்ந்திருக்கும். ஊசியைப் பிடிக்க வாய்ப்புக் கிடைத்தவர்கள் சிலரே. அவர்களுக்கும் தசையைக் கண்டறிவது பற்றிச் சொன்ன அளவுக்கு, ஊசியை எவ்வளவு சிறிதாக நகர்த்தினால் நோயாளிக்கு வலி குறையும் என்பது பற்றிச் சொல்லவில்லை. இப்பகுதியை நம்பி மட்டும் யாரும் இப்படிப்பில் சேர வேண்டாம். கட்டணத்தைச் சற்று உயர்த்தியாவது, நான்கைந்து பேருக்கு ஒரு கருவி என்று பிரித்திருக்க வேண்டும்.

சிகிச்சைப் பகுதியைப் பற்றி எழுதும்போது சற்றுக் கடுமை தவிர்க்க முடியாதது. தசையைத் தளர்த்தும் பாட்டுலினம் நச்சு ஊசி பற்றிய உரையின் படவில்லைகள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் தயாரானவை என்பது எழுத்துருவிலிருந்தே தெரிந்தது. 1989-இல் மாறுகண்ணுக்கும் இமைச்சுருக்கத்துக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து, 2010-இல் நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 31 இடங்களில் 155 அலகு என்ற கணக்குக்கு வந்த வரலாறு சுவையானதுதான். ஆனால் மின்பரிசோதனை கற்க வந்தவர்களுக்குத் தேவையானது வேறு: எழுதும்போது மட்டும் விரல் முறுக்கிக்கொள்ளும் ஒருவரின் முன்கையில், அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் தசைகளுள் குற்றவாளி எது என்பதை இஎம்ஜி ஒலியைக் கொண்டு கண்டறிந்து, அதே ஊசி வழியே மருந்தைச் செலுத்தும் முறை. அதைப் பற்றி ஒரே ஒரு படவில்லை வந்து போனது. காந்தத் தூண்டல் சிகிச்சை என்ற பெயரில் நடந்தது கருவி விற்பவரின் செயல்விளக்கம். எந்த நோய்க்குச் சான்று வலுவானது, எதற்கு இல்லை என்று ஒருவர் கேட்டபோது விலைப்பட்டியல்தான் கைக்கு வந்தது. நிறுவனங்களின் ஆதரவைப் பெறுவதில் எனக்கு மறுப்பில்லை. யார் பணத்தில் எந்த அமர்வு நடக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கட்டணம், நடுத்தர லேப் ஒன்று பத்துப் பதினைந்து நோயாளிகளுக்குப் பரிசோதனை செய்து பெறும் தொகை அளவில் வருகிறது. டெக்னீஷியன்களுக்கு அதில் ஏறத்தாழ பாதி. மருத்துவர்களுக்கு மாநில மருத்துவக் கவுன்சிலின் மதிப்பு மணிநேரம் கிடைக்கிறது. டெக்னீஷியன்களுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் மட்டுமே. கையேடு கண்ணாடிப் போன்ற தாளில் அழகாக அச்சிடப்பட்டிருக்கிறது, ஆனால் அதில் இயல்பு அளவுகளின் அட்டவணை மேலைநாட்டு நூல்களிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. உயரத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும் இந்த எண்களை ஒவ்வொரு லேப்பும் தன் ஊர் மக்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பையாவது சேர்த்திருக்கலாம். செய்முறை விளக்கங்கள் பெரும்பாலும் தமிழிலேயே நடந்தது டெக்னீஷியன்களுக்குப் பெரிய உதவி. படிப்பு முடிந்த பிறகும் வாட்ஸ்அப் குழுவில் ஐயமான அலைகளை அனுப்பினால் பேராசிரியர் பொறுமையாக விடை எழுதுகிறார். நோயாளியின் பெயரை மறைக்காமல் அனுப்புபவர்களைக் கண்டிக்கவும் செய்கிறார்.

எங்கள் லேப்பில் இப்போது தோல் வெப்பமானி ஒன்று மேசையிலேயே இருக்கிறது, ரிப்போர்ட்டின் முதல் வரியில் கையின் வெப்பநிலை எழுதப்படுகிறது. சேர விரும்புபவர்கள் மருத்துவர் மட்டும் தனியாகப் போகாமல், பதிவுசெய்யும் டெக்னீஷியனையும் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும். ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்றால் டெக்னீஷியனை அனுப்புங்கள். தங்கள் லேப்பில் ஐயத்துக்குரியதாகத் தோன்றிய பழைய பதிவுகள் சிலவற்றைப் பெயர் நீக்கி எடுத்துச் சென்றால், உணவு இடைவேளையில் அவற்றை வைத்துப் பேராசிரியரோடு பேச முடியும். கடைசி நாள் பிற்பகல் முழுவதும் சிகிச்சை அமர்வுகள்தான் என்பதால், மாலை வண்டிக்குப் பதிலாக மதிய வண்டிக்கே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.